தள்ளி விழுந்த முகம்

மழை தருவையடி என்கிற ஊரை மறந்துபோய், ஐப்பசிக்குப் பின் ஐப்பசியாகக் காய்ந்தே கழிந்த அந்தக் காலத்தில், உப்பளத்துப் பாத்திகளில் கிடந்த தண்ணீர் கழுவப்படாமல், மாற்றப்படாமல், வெயிலைக் குடித்துக் குடித்துக் கனத்துக்கொண்டே போய், மேலே கண்ணீர் மாதிரியும் அதற்குக் கீழே கஞ்சி மாதிரியும் அதற்கும் கீழே பாகு மாதிரியும் ஆகி, எங்கே கண்ணீர் முடிந்து கஞ்சி தொடங்குகிறது, எங்கே கஞ்சி முடிந்து பாகு தொடங்குகிறது என்று கையைவிட்டு அளைந்து பார்த்தவர்களாலும் சொல்ல முடியாமல் போனபோது, ஒரு பங்குனி மாதத்துக் காலையில் வெயிலுகந்தாள் தன் பாத்திக்குள் குனிந்தாள். அங்கே ராசக்கனியின் முகம் இருந்தது.

"ஏட்டி ராசக்கனி, ஒன் மூஞ்சி இங்க வந்து கெடக்கு."

அடுத்த பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ராசக்கனி பலகையை நிறுத்தவில்லை. "கெடந்துட்டுப் போட்டும் மைனி. மூக்குத்தி இருக்கான்னு மட்டும் பாருங்க. திருகு லூசா இருக்கு."

"இருக்கு."

"அப்பச் சரி."

அவ்வளவுதான். பேச்சு அத்தோடு முடிந்து இருவரும் வேலையைப் பார்த்தார்கள், ஏனென்றால் பங்குனி வெயில் ஏறிவிட்டால் பிறகு யாருடைய முகமும் யாருக்கும் பெரிதில்லை.

வெளிச்சம் ஒரு சுவரில் மோதினால் மோதிய இடத்திலிருந்தே திரும்பிவிடும். தருவையடிப் பாத்திகளில் அது மோதுவதற்குச் சுவர் இல்லாமல் போயிற்று. உள்ளே இறங்கிய வெளிச்சம் திரும்புவதற்கு ஒரு தரையைத் தேடிக்கொண்டே போய், தண்ணீர் இம்மி இம்மியாகக் கனக்கக் கனக்கத் தானும் இம்மி இம்மியாகத் தளர்ந்து, எந்த இடத்தில் வளைந்தோம் என்று தனக்கே தெரியாமல் வளைந்து, மேலே வந்து பார்த்தபோது வேறொருத்தியின் பாத்தியில் இருந்தது. இதை வெயிலுகந்தாளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளையும் யாரும் ஒரு சுவரில் மோதவிட்டதில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கனத்தது. எந்த நாளில், எந்தச் சொல்லில் தான் திரும்பினோம் என்று இன்றைக்கும் அவளால் விரல்வைத்துக் காட்ட முடியாது.

முதலில் முகம் ஒரு விரல்கடை தள்ளி விழுந்தது, பிறகு ஒரு சாண், பிறகு ஒரு பாத்தி. சித்திரை பிறந்ததும் அது உப்பளத்தைவிட்டு வீடுகளுக்குள் வந்தது. குடத்துத் தண்ணீரில், தேய்த்த தாம்பாளத்தில், பீரோக் கண்ணாடியில், எங்கே பார்த்தாலும் பக்கத்து வீட்டு ஆளின் முகம். ஆரம்பத்தில் பெண்கள் தலை வாருவதற்காக ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போய்வந்தார்கள். அப்புறம் அதற்கும் சோம்பல்பட்டு, அவரவர் வீட்டிலேயே உட்கார்ந்து, சுவருக்கு மேலாகச் சத்தம் கொடுத்துக்கொண்டார்கள். "மைனி, வகிடு கோணலாப் போவுது, எடதுபக்கம் இழுங்க." "ஏட்டி, ஒனக்குக் காதுக்குப் பின்னால நரைச்சிருக்கு, தெரியுமா?" "தெரியும். நீ சொல்லலன்னா மறந்திருப்பேன்." ஆண்கள் சவரம் செய்வதை ஜோடி ஜோடியாக வைத்துக்கொண்டார்கள். ஒருவன் கன்னத்தில் கத்தி போக, அதைப் பார்த்து மற்றவன் வழி சொல்லுவான். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்ததால் ஊரில் சிலபேருக்குத் தாடி வளர்ந்தது.

வெயிலுகந்த அம்மன் கோயிலில் அம்மனுக்கு எதிரே மாட்டியிருந்த நிலைக்கண்ணாடியில் அம்மனுக்குப் பதில் டீக்கடை பாய்லர் தெரிந்தது. பூசாரி சிலநாள் கலங்கிப்போய் இருந்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை நேரே கடைக்குப் போய்ப் பாய்லருக்குச் சந்தனம் தடவிவிட்டு வந்தார். டீக்கடைக் கண்ணாடியில் அம்மன் வந்து நின்றதால் பெஞ்சில் உட்காருமுன் செருப்பைக் கழற்றினார்கள், கெட்டவார்த்தை பேசக் கூசினார்கள், அந்தக் கூச்சம் இரண்டு வாரம் தாங்கியது. பிறகு அம்மன் முன்னாலேயே வைதுகொண்டார்கள்.

வம்பு வந்தது ராசக்கனியால். அவள் முகம் வெயிலுகந்தாளின் பாத்தியோடு நிற்காமல் இன்னும் தள்ளிப் போய், வேலாண்டி என்கிற கல்யாணமாகாத பையனின் பாத்தியில் விழ ஆரம்பித்தது. அவன் அந்தப் பாத்தியை வாராமல் மூலையில் குந்திக்கொண்டிருக்கிறான் என்று கேள்விப்பட்ட ராசக்கனியின் புருஷன் தவசிமுத்து, வாருபலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் ஓடினான். பலகை உடைந்தது, வேலாண்டியின் தோள் வீங்கியது, ஊர்க்கூட்டம் கூடியது.

ஊர்த்தலைவர் கொம்பையா. வெயிலுகந்தாளின் புருஷன். கொம்பையா நேராக நிற்பதில் பேர்போனவர். உப்பு வெளிச்சத்தில் வெந்து வெந்து இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா என்பதே குரலை வைத்துத்தான் தெரியும் என்ற நிலைமைக்கு வந்த பிறகும், பனைமரம் மாதிரி நேராக நின்றுதான் வழக்குக் கேட்பார், ஒருபக்கம் சாய்ந்தார் என்று யாரும் சொன்னதில்லை.

"இவன் எம் பொண்டாட்டி மொகத்தப் பாத்துக்கிட்டே இருக்கான் அண்ணாச்சி," என்றான் தவசிமுத்து.

"நானா போய்ப் பாத்தேன்? அது எம் பாத்தியில வந்து விழுது," என்றான் வேலாண்டி.

"விழுந்தா கண்ண மூடிக்கிட்டு வாருல."

"கண்ண மூடிக்கிட்டு உப்பு வாருனா ஒன் காலத்தான் வாருவேன்."

கூட்டம் சிரித்தது. கொம்பையா சிரிக்கவில்லை. நேராக நின்றபடியே சொன்னார்: "தண்ணியில தெரியறது ஆளு இல்ல. ஆளு நிக்கிற எடத்துலதான் ஆளு. நெழலப் பாத்தா பாத்ததாகாது, நெழலு போனா போனதாகாது. நெழலுக்கு ஊருல வரி கெடையாது, வழக்கும் கெடையாது. இதுதான் தீர்ப்பு. எல்லாரும் போய் வேலையப் பாருங்க."

நல்ல தீர்ப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். தவசிமுத்து மட்டும் சொல்லவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் பெண்களோடு நின்றிருந்த வெயிலுகந்தாள் அந்தத் தீர்ப்பை மடியில் முடிந்துகொள்வதுபோல மனதில் முடிந்துகொண்டாள், எதற்கு என்று அப்போது அவளுக்கே தெரியாது.

அவளுக்கு ஒரே மகள், தங்கபுஷ்பம். போன ஆவணியில் டவுனில் சலூன் வைத்திருந்த கலைமணியோடு போய்விட்டாள். சலூன்காரப் பையன் வீட்டில் பெண் வாழ்வதா என்று ஊர் கொதித்தபோது, தலைவர் வீட்டுக் காரியம் என்று பார்க்காமல், இல்லை, தலைவர் வீட்டுக் காரியம் என்பதாலேயே, கொம்பையா மகளைத் தலைமுழுகினார். பெற்றவளும் சத்தியம் செய்ய வேண்டும் என்று கூட்டம் கேட்டது. அந்த ஊரில் சத்தியம் என்றால் உப்பில்தான். வலது கையில் ஒரு பிடி உப்பை அள்ளி, சொல்லவேண்டியதைச் சொல்லி, தலையைச் சுற்றித் தண்ணீரில் விடவேண்டும். வெயிலுகந்தாள் அள்ளினாள். டவுனுக்குப் போகிற உப்போடைப் பாலத்தைத் தாண்ட மாட்டேன், அவள் முகத்தில் விழிக்க மாட்டேன், விழித்தால் என் கண் பூத்துப்போகட்டும் என்று அவர்கள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். உப்பு கரைந்தது. அன்றைக்கும் யாரும் அவளை அடிக்கவில்லை, பூட்டவில்லை, ஒரு சுடுசொல் சொல்லவில்லை. பாலம் திறந்துதான் கிடந்தது. அவள் காலையில் அளத்துக்குப் போனாள், மாலையில் வீட்டுக்கு வந்தாள், பாலம் இருக்கும் பக்கம் மட்டும் காற்று கொஞ்சம் கெட்டியாக இருந்தது.

இப்போது அந்த வீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. ஊரில் எல்லோருடைய முகமும் எங்காவது ஓரிடத்தில் விழுந்துகொண்டிருக்க, வெயிலுகந்தாளின் முகம் மட்டும் யாருடைய தண்ணீரிலும் இல்லை. ராசக்கனி வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தாள். "ஏக்கா, எங்க மைனி மொகம் இங்க வந்துச்சா?" குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். இல்லை.

காரணம் லேசானது. மற்றவர்கள் பாத்தியில் நேராகக் குனிந்து பார்த்தார்கள், நேராக இறங்கிய முகம் ஒரு பாத்தி இரண்டு பாத்தியோடு திரும்பி மேலே வந்துவிட்டது. வெயிலுகந்தாள் ஒருநாளும் நேராகக் குனிந்ததில்லை. மகள் போன திசைக்குத் தோளைச் சாய்த்து, டவுன் இருக்கும் பக்கமாகச் சரித்தே பார்ப்பாள். சரிந்து நுழைந்த வெளிச்சத்துக்குத் திரும்பவே மனமில்லாமல் போய், அது தண்ணீருக்குள்ளேயே நெடுந்தூரம் நடந்தது.

முகம் போனதில் அவளுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை, ஒரு சின்ன விஷயத்தைத் தவிர. அவளுக்கு அரக்குநிற ஸ்டிக்கர் பொட்டு. ராத்திரி படுக்குமுன் நெற்றியிலிருந்து உரித்துக் கண்ணாடியின் மூலையில் ஒட்டிவைப்பாள். காலையில் அவள் தேடும்போது அது தங்கபுஷ்பத்தின் நெற்றியில் இருக்கும். "எம் பொட்ட எடுத்து வச்சிக்கிட்டு என்னையே மொறைக்கா பாரு," என்று திட்டிக்கொண்டே வேறொன்று எடுப்பாள். இப்போது எடுத்துக்கொள்ள ஆளில்லாத பொட்டுகள் கண்ணாடி மூலையில் காய்ந்து சுருண்டுகொண்டிருந்தன, அவள் வைத்துக்கொள்வதை நிறுத்தியிருந்தாள்.

"ஏளா, நான் உசுரோடதான இருக்கேன்? நெத்தி வெறுமையாக் கெடக்குன்னு ராசக்கனி சொல்லுதா," என்றார் கொம்பையா.

"நீங்க இருக்கீங்க. நெத்திதான் எங்க இருக்குன்னு தெரியல," என்றாள்.

வைகாசி கடைசியில் உப்பு லாரி ஓட்டும் அனந்தப்பன் அவள் பக்கத்தில் வந்து நின்று தலையைச் சொறிந்தான். அவன் வெளியூர்க்காரன், ஊர்ச் சத்தியம் அவனைக் கட்டாது.

"எக்கா, ஒங்க மொகத்தப் பாத்தேன். ரயில்வே கேட்டு டீக்கடையில, கிளாஸ் கழுவுற வாளிக்குள்ள."

"எப்படி இருந்துச்சு?"

"களைச்சுப்போய் இருந்துச்சு. நடந்தே போயிருக்கும்போல."

வெயிலுகந்தாள் தலையிலிருந்த உப்புப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். ரயில்வே கேட், பாலத்துக்கு அந்தப் பக்கம். கல்யாணமாகி வந்தபிறகு இரண்டோ மூன்றோ தடவை அதைத் தாண்டியிருப்பாள். அவள் உட்கார்ந்திருக்கும் இந்த வரப்பில் அவள் இருக்க, அவள் முகம் எந்தத் துணையும் இல்லாமல், கையில் ஒரு பை கூட இல்லாமல், அந்த இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் இன்னும் சரிந்து பார்த்தாள். ஒவ்வொரு லோடுக்கும் அனந்தப்பன் ஒரு செய்தி கொண்டுவந்தான். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்க்கும் தொட்டிக்குள் அவள் முகம் இருந்ததாம், டியூபை முக்கினால் முகத்தின் வாயிலிருந்து காற்றுக்குமிழி வந்ததாம். மீன் மார்க்கெட் வாசலில் தேங்கின தண்ணீரில் இருந்ததாம், மிதித்துவிடாமல் எல்லோரும் சுற்றிப் போனார்களாம். பிறகு ஒருநாள் அவன் லாரிச் சாவியைத் திருகிக்கொண்டே நின்றான்.

"என்னடே?"

"எக்கா, நான் சொல்லல, நீங்களும் கேக்கல. சரியா?"

"சரி. சொல்லு."

"சலூன் கண்ணாடியில வந்துட்டீங்க. நான் சேவிங் பண்ண உக்காந்திருக்கேன், முன்னால ஒங்க மொகம். ஒங்க மருமகன் கத்தியக் கீழ போட்டுட்டான். உள்ள இருந்து ஒங்க மக வந்தா. கத்துவான்னு நெனச்சேன், கத்தல. என்ன எந்திரிக்கச் சொல்லிட்டு, அந்த நாற்காலியத் தொடச்சி, கண்ணாடிக்கு முன்னால சரியாப் போட்டு வச்சா. பாதிச் சேவிங்கோட என்ன வெளிய அனுப்பிட்டா. இப்ப அந்த நாற்காலியில யாரும் உக்காரக்கூடாது. எங்க அம்மா இருக்காங்கன்னு சொல்லுதா." தயங்கிவிட்டுச் சேர்த்தான். "மாசமா இருக்கா எக்கா. வயிறு தெரியுது."

வெயிலுகந்தாள் அன்று உப்புச் சுமந்தபோது அம்பாரத்தைத் தாண்டிப் போய் வெறுந்தரையில் கொட்டினாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு வெயில் என்றாள்.

வெளிச்சம் போன வழியிலேயே வரும். யாரும் அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் ஒருநாள், சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த வெயிலுகந்தாளின் பாத்திக்குள், உப்பு இன்னும் பூக்காத மூலையில், முதலில் ஒரு நாற்காலியின் முதுகு வந்தது, பிறகு ஒரு பவுடர் டப்பாவும் சீப்பும் வந்தன, பிறகு தங்கபுஷ்பம் வந்தாள். கன்னம் உப்பியிருந்தது. கழுத்து கறுத்திருந்தது. கண்களைச் சுருக்கி, யாரையோ தூரத்தில் அடையாளம் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு அடையாளம் தெரிந்தது.

சத்தம் வரவில்லை. உருவம் மட்டும்தான். தாயும் மகளும் உதட்டைப் பார்த்தே பேசப் பழகிக்கொண்டார்கள். சாப்பிட்டாயா என்பது எளிதில் புரிந்தது. கால் வீங்குகிறது என்பதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. யாரும் வளைகாப்புப் போடவில்லை என்பதை மகள் வெறும் கையைத் தூக்கிக் காட்டிச் சொன்னாள். வெயிலுகந்தாள் தன் கையிலிருந்த கண்ணாடி வளையல்களைத் தண்ணீருக்கு நேரே நீட்டி நீட்டி ஆட்டினாள். எங்கேயும் போய்ச் சேராத அந்த வளையல்கள் அவள் மணிக்கட்டிலேயே சத்தமிட்டன. குழந்தை ஐப்பசிக்கு, வந்துவிடு அம்மா என்று மகள் சொன்னாள். வெயிலுகந்தாள் புரியாததுபோல இருந்தாள்.

ஒருநாள் மகள் எதையோ கட்டைவிரலில் எடுத்துக்கொண்டு முகத்துக்கு மிக அருகே வந்தாள். அவள் கை பெரிதாகிப் பெரிதாகி, பாத்தி முழுவதும் கையாகி, வெயிலுகந்தாளை நோக்கி அழுந்தியது. பிறகு விலகிச் சிரித்தாள். என்ன செய்தாள் என்று இவளுக்குத் தெரியவில்லை.

ராசக்கனிக்குத் தெரியாமல் ஒரு பாத்தி தூரத்தில் எதையும் மறைக்க முடியாது. அவள் பார்த்துவிட்டாள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்றாள், தவசிமுத்துவிடம் சொன்னாள். உடைந்த பலகையின் கோபம் இன்னும் ஆறாத தவசிமுத்து ஊர்க்கூட்டம் கூட்டினான்.

"தலைவர் வீட்டு அம்மா சத்தியத்த மீறிட்டாங்க. தெனம் மக மொகத்துல முழிக்காங்க. கேளுங்க அண்ணாச்சி."

கொம்பையா நேராக நின்றார். "ஏளா, நெசமா?"

"ஆமா," என்றாள் வெயிலுகந்தாள். பிறகு, மடியில் முடிந்து வைத்ததை அவிழ்த்தாள். "நெழலப் பாத்தா பாத்ததாகாதுன்னு இதே எடத்துல தீர்ப்பு சொன்னாங்க. நான் நெழலத்தான் பாத்தேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. வேலாண்டி எங்கிருந்தோ, "அதான, எனக்கு ஒரு தீர்ப்பு அவங்களுக்கு ஒரு தீர்ப்பா?" என்றான். எல்லோரும் கொம்பையாவின் பூ விழுந்த கண்களையே பார்த்தார்கள். இப்படிச் சாய்ந்தால் சொன்ன தீர்ப்பு உடையும், அப்படிச் சாய்ந்தால் வாங்கின சத்தியம் உடையும். அவர் எப்படியும் சாயவில்லை.

"தீர்ப்பு தீர்ப்புதான். அவ பாத்தது நெழலு. சத்தியம் அப்படியே இருக்கு," என்றார். "ஆனா அந்தப் பாத்தியில உப்பு முத்திப்போச்சு. முத்துன பாத்திய வாராமப் போடுறது அளத்துக்கு ஆவாது. நாளைக் காலையில நானே வாருதேன்."

வாரினால் தண்ணீர் கலங்கும். கலங்கினால் மேலும் கீழும் ஒன்றாகி, இத்தனை காலம் இம்மி இம்மியாகக் கனத்தது எல்லாம் ஒரே தண்ணீராகிவிடும். அது கொம்பையாவுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

விடிந்ததும் அவர் பலகையோடு பாத்திக்கு வந்தார். அவள் வரப்பில் முன்னமே வந்து நின்றிருந்தாள். கெஞ்சவில்லை. அவர் பலகையைத் தண்ணீருக்கு மேலே பிடித்தபடி நெடுநேரம் நின்றார், வெறும் வெள்ளையாகத் தெரிந்த எதையோ பார்த்துக்கொண்டு.

"ஏளா."

"ம்."

"இப்ப அங்க என்ன தெரியுது?"

"நெழலுதான்."

பலகையின் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. "அந்த நெழலு... மெலிஞ்சிருக்கா?"

"இல்ல. கன்னம் வச்சிருக்கு. வயிறு நல்லா எறங்கியிருக்கு."

"சாப்ட்ட மாதிரி இருக்கா?"

"சாப்ட்ட மாதிரிதான் இருக்கு."

கொம்பையா பலகையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார். பாத்திக்குள் தங்கபுஷ்பம் தன் அப்பாவைப் பார்த்தாளா, அவர் முகம் அவள் கண்ணாடிக்குப் போய்ச் சேர்ந்ததா, வெயிலுகந்தாளுக்குத் தெரியவில்லை. அவர் நேராகத்தான் நின்றார், நேராக நின்றவர்களின் முகம் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் பெரியவர் முன்னால் நிற்பதுபோல மகள் தலையில் சேலை முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டதை மட்டும் பார்த்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

"நாளைக்கு வாருவோம்," என்று அவர் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். மறுநாளும் வந்தார், மறுநாளும் நாளைக்கு என்றார். புரட்டாசி முழுவதும் ஊர்த்தலைவர் தினம் காலையில் பலகையோடு வந்து, நிழல் தூங்கியதா, நிழலுக்குக் கால் வீக்கம் வடிந்ததா என்று கேட்டுவிட்டு, வாராமல் திரும்பிப் போனார். ஊர் அதையும் பழகிக்கொண்டது.

ஐப்பசியில், இனி வராது என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தபோது, மழை வந்தது. அப்படி ஒரு மழை. அம்பாரங்கள் கரைந்து ஓடின, பாத்தி எது வரப்பு எது என்று தெரியவில்லை, ஜனங்கள் கீற்றுகளை இழுத்துக்கொண்டு உப்பைக் காப்பாற்ற ஓடினார்கள், பாதிபேர் அழுதார்கள், பாதிபேர் வாயைத் திறந்து வானத்தைப் பார்த்தபடி குடித்தார்கள். வெயிலுகந்தாள் தன் பாத்தியின் ஓரத்தில் மண்டியிட்டு இரண்டு கையையும் விரித்து ஒரு துண்டுத் தண்ணீரையாவது மறைக்கப் பார்த்தாள். மகள் அங்கிருந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. மழைத்துளிகள் உதட்டைக் குத்திக் குத்தி உடைத்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள் என்பது தெரிந்தது. பிறகு துளிகள் மட்டும்தான்.

மழை விட்டபோது முகங்கள் வீடு திரும்பியிருந்தன. அவரவர் குடத்தில் அவரவர் முகம். ராசக்கனி தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? நான் இன்னும் நல்லாருப்பேன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றாள். அம்மன் கண்ணாடியில் அம்மன் இருந்தாள். பாய்லர் கொஞ்சநாள் வாட்டமாக இருந்தது.

வெயிலுகந்தாள் பீரோக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். அவள் முகமும் வந்துவிட்டது. எத்தனையோ ஊரும் வாளியும் தொட்டியும் பார்த்துவிட்டு வந்த முகம், களைத்து, கண்ணோரம் கோடு விழுந்து, வேறு போக்கிடமில்லாமல் வந்து நின்றது. அவள் நெற்றியில் பொட்டு இல்லை. ஆனால் கண்ணாடிக்குள்ளிருந்த முகத்தோடு ஒரு பொட்டு வந்திருந்தது. அரக்குநிறம். நெற்றி நடுவில் இல்லாமல் இடதுபக்கம் ஒரு விரல்கடை தள்ளி இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள், அந்த இடத்தில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. அப்போதுதான் அந்தக் கட்டைவிரல் அவளுக்குப் புரிந்தது. மகள் நடுநெற்றியில்தான் ஒட்டியிருப்பாள். வருகிற வழியில் தள்ளிவிட்டது.

தோளைச் சாய்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். பொட்டு நடுவுக்கு வந்தது.

வாசலிலிருந்து கொம்பையா கேட்டார். உருவம் கோணியிருப்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "ஏளா, என்ன சாஞ்சு நிக்க?"

"நேரா நின்னா பொட்டு தள்ளிப் போவுது."

அவள் சாய்ந்தபடியே வெளியே வந்தாள். சாய்வு நிமிரவில்லை. சாய்ந்தபடியே தெருவில் நடந்தாள், சாய்ந்தபடியே வரப்பில் ஏறினாள். நேராகப் போகத்தான் கால்வைத்தாள், ஆனால் சாய்ந்து நடக்கிறவளை ஒவ்வொரு அடியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் கொண்டுபோனது, எந்த இடத்தில் திரும்பினோம் என்று தெரியாமலே அவள் திரும்பியிருந்தாள், அவளுக்கு எதிரே உப்போடைப் பாலம் இருந்தது. அதன் பக்கத்துக் காற்று வெறும் காற்றாக இருந்தது, மழை கழுவிய காற்று.

கரையில் உப்பு அள்ளிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். தவசிமுத்து கையை வாயில் குவித்து, அவள் பின்னாலேயே கரைவரை வந்துவிட்ட கொம்பையாவைப் பார்த்துக் கத்தினான். "அண்ணாச்சி! பாலத்துல போறது யாரு? பாத்துச் சொல்லுங்க!"

பாலத்தின் நடுவில் வெயிலுகந்தாள் நின்றாள். முதுகுக்குப் பின்னால் உப்பு அள்ளும் சத்தம் நின்றது. பிறகு கொம்பையாவின் குரல் கேட்டது, வழக்கு முடிக்கும் அதே குரல், எந்தப் பக்கமும் சாயாத குரல்.

"அது நெழலு."

"நெழலுதான போவுது," என்றாள் ராசக்கனி உரக்க. "நெழலு போனா போனதாகாது. அள்ளுங்க, அள்ளுங்க, உப்பு கரையுது."

அவள் நடந்தாள்.

கார்த்திகையில் அனந்தப்பன் டவுனுக்கு லோடு கொண்டுவந்தபோது சலூனுக்கு வந்தான். கலைமணி அவனுக்கு வேறு நாற்காலி போட்டான். கண்ணாடிக்கு எதிரேயிருந்த நாற்காலியில் வெயிலுகந்தாள் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கபுஷ்பம் ஒட்டிய பொட்டு கண்ணாடியிலேயே இருந்தது. அந்த இடத்தில் நேராக உட்கார்ந்தாலே அது நடுநெற்றியில் விழுந்தது. ஆனாலும் அவள் தோள் சாய்ந்தே இருந்தது, அது இனி நிமிராது.

"ஊருல என்னடே விசேஷம்?"

"எல்லாரும் சொகம்தான் எக்கா." அனந்தப்பன் கன்னத்துச் சோப்பைத் தொட்டுக்கொண்டான். "அண்ணாச்சிதான். ராத்திரி ரெண்டு வட்டில் வச்சுச் சோறு போடுதாரு. வீட்டுக்காரியக் காணலயேன்னு யாராச்சும் கேட்டா, உள்ள படுத்திருக்கான்னு சொல்லுதாரு. வேற என்ன சொல்ல முடியும்? போனது நெழலுன்னா ஆளு வீட்டுலதான இருக்கணும். ஊரும் ஒண்ணும் கேக்கல. ராசக்கனி வாசல்ல நின்னு, மைனி, ஒடம்புக்குத் தேவலயான்னு சத்தம் குடுத்துட்டுப் போவா."

தங்கபுஷ்பம் சிரித்தாள். வெயிலுகந்தாளும் சிரித்தாள், பிறகு சிரிப்பு அவள் முகத்தில் எங்கோ தள்ளிப் போய் நின்றது.

"பீரோக் கண்ணாடியப் பாத்தியா?"

"பாத்தேன் எக்கா. நீங்க விட்டுட்டு வந்த பொட்டு அதுலயே நிக்கிது, மொகம் இல்லாம. அண்ணாச்சி தெனம் காலையில அதுக்கு முன்னால போய் நிக்காரு. அவருக்குக் கண்ணுதான் தெரியாதே, வேட்டி மடிப்ப சரி பண்ணுற மாதிரி நிக்காரு. பொட்டு அவரு நெத்திக்கு ஒரு விரல்கட தள்ளி இருக்கு."

குழந்தை சிணுங்கியது. அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டாள், சாய்ந்த தோளில்.

"லேசாச் சாயிறாரா?"

அனந்தப்பன் யோசித்துப் பார்த்தான்.

"இல்ல எக்கா," என்றான். "நேராத்தான் நிக்காரு."